சீட்டில் எழுதாத அளவு

அன்பு மகளே,

நீ அனுப்பிய கண் பரிசோதனைச் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கால் பவர் ஏறியிருக்கிறது. கவலைப்படாதே, கால் காலாகத்தான் ஏறும். ஆனால் ஆன்லைனில் ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

சீட்டில் ஓடி (OD) என்பது வலது கண், ஓஎஸ் (OS) இடது கண். வலதுக்கு -3.75, இடதுக்கு -3.25. மைனஸ் குறி விட்டுப்போனால் கிட்டப்பார்வை உள்ள உனக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி வந்து சேரும். சிலிண்டருக்கு, அதாவது சிதறல் பார்வையைச் சரிசெய்யும் பவருக்கு, பக்கத்தில் ஆக்சிஸ் 170 என்று இருக்கிறதல்லவா? அந்தச் சிலிண்டர் பவரை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்பது அது. அதை 17 என்று அடித்துவிட்டால் எழுத்தெல்லாம் நிழல் தட்டும்.

சரி, நான் சொல்ல வந்தது சீட்டில் இல்லாத ஓர் எண்ணைப் பற்றி. பிடி (PD) என்பார்கள். இரண்டு கண்மணிகளின் நடுவுக்கும் இடையிலுள்ள தூரம், மில்லிமீட்டரில். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54க்கும் 74க்கும் நடுவில் இருக்கும். நான் ஒருமுறை அளக்காமல் 63 என்று குத்துமதிப்பாகப் போட்டுவிட்டேன். என் அளவு 57. புதுக் கண்ணாடியை மாட்டினால் மத்தியானத்துக்குள் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். பவர்தான் தப்போ என்று மறுபடி சோதித்தேன். பவர் மிகச் சரியாக இருந்தது. லென்ஸின் மையம் கண்ணுக்கு நேரே இல்லை, அவ்வளவுதான். மையம் விலகினால் லென்ஸ் முப்பட்டகம் போலப் பிம்பத்தை ஒரு பக்கம் தள்ளும், கண் தசைகள் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டும். பவர் கூடக் கூட அந்தத் தள்ளலும் கூடும். உன் பவருக்கு இதில் விளையாட்டே கூடாது.

கண் சோதித்த இடத்திலேயே கேள். மூக்கின் நடுவிலிருந்து வலதுக்கு எவ்வளவு, இடதுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து தரச் சொல்.

அப்புறம் நீ வாங்க நினைக்கும் அந்தப் பெரிய வட்ட ஃபிரேம். காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கம் 52, 18, 140 என்று இருப்பது லென்ஸின் அகலம், மூக்குப் பால இடைவெளி, கம்பியின் நீளம். 52ம் 18ம் சேர்ந்தால் 70, அதுதான் ஃபிரேமில் இரண்டு லென்ஸ்களின் நடுவுக்கும் இடையிலுள்ள தூரம். உன் பிடி 60 என்றால் ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும். மைனஸ் லென்ஸுக்கு ஓரம்தான் தடிமன், வெளி ஓரம் துருத்திக்கொண்டு நிற்கும். இன்னும் சின்னதாக ஒன்று பாரேன்.

பணம் கட்டுவதற்கு முன் போன் பண்ணி எண்களை ஒவ்வொன்றாக வாசி. நான் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா