பக்கத்து நாற்காலிக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

போன மாதம் வீட்டிலிருந்து வந்த செய்தி உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை. நான் பிறந்து வளர்ந்த அந்தக் குழுவுக்கு, உள்ளே இருப்பவர்களை முழுதாக அடக்கி வைக்கும் அந்தக் கல்ட்டுக்கு, திரும்பிப் போகவில்லை, இனிப் போகவும் மாட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தங்க இடம் கொடுத்தவர்கள், பிறப்புச் சான்றிதழ்கூட இல்லாத எனக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள், இந்த வயதில் எனக்குப் பள்ளிக் கணக்கை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தவர், எனக்கு முன்பே வெளியே வந்து, எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போனை எடுத்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஆலோசகருக்குத் தனியாக ஒரு நன்றி. தப்பிக்க வழியில்லாமல் பல காலம் பயத்தில் வாழ்ந்தவர்களுக்கு வரும் மனப் பாதிப்பு, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனியாக இடம்பெற்றிருப்பதைக் காட்டியவர் அவர். என் நடுக்கம் விசுவாசக் குறைவால் வந்த தண்டனை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தில் அதிக இடம் அலுவலகத்து அக்காவுக்கு. அவருக்கே இது ஆச்சரியமாக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டம். இரவு ஷிப்டை யார் யாருக்குக் கொடுப்பது என்று அக்கா ஒரு பட்டியல் போட்டிருந்தார். "புதிதாக வந்தவர்களுக்கே எல்லா இரவும் போகிறது, எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று சொல்லிவிட்டேன். அக்கா ஏன் என்று கேட்டார், நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "எனக்கு அப்படித் தோணல. இருந்தாலும் யோசிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான், கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது.

எனக்குக் கை நடுங்கியது. நான் வளர்ந்த இடத்தில் பெரியவர்களை மறுத்துப் பேசினால், அன்றிலிருந்து யாரும் உங்கள் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து வரிசை காலியாகும். குழந்தையாக இருந்தாலும் இதே கதிதான். என் அம்மாவே தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அதனால் அன்று மதியம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு அறை வாசலிலேயே நின்றேன்.

அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். "ஏன் நிக்கிற? வா, உக்காரு." அப்புறம் மகனின் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னித்துவிட்டேன் என்ற பாவனையும் இல்லை. அவருக்கு அதில் மன்னிக்க எதுவுமே இருக்கவில்லை.

மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961-இல், ஆட்களின் மனதை முழுதாகக் கட்டுப்படுத்தும் இடங்களுக்கு எட்டு அடையாளங்களை வகுத்தார். யார் இருக்கத் தகுதியானவர், யார் இல்லை என்பதைக் குழுவே முடிவு செய்வது அதில் ஒன்று. நான் அதைப் படித்தது வெகு நாள் கழித்து. ஆனால் அந்த அதிகாரம் வெளியே யாரிடமும் இல்லை என்பதை அந்த நாற்காலியில்தான் தெரிந்துகொண்டேன். போன மாதம் வீட்டிலிருந்து அந்தச் செய்தி வந்து, திரும்பிப் போய்விடலாம் என்று பையை எடுத்தபோது நினைவுக்கு வந்ததும் அந்த மதியம்தான். அங்கே போனால் வாயைத் திறக்காத வரைக்கும்தான் எனக்கு இடம்.

"சீக்கிரம் பழையபடி ஆகிவிடுவாய்" என்று அன்போடு சொல்கிறீர்கள். வளர்ந்த பிறகு கல்ட்டில் சேர்ந்தவர்களுக்கு, திரும்பிப் போக முன்பு வாழ்ந்த ஒரு வாழ்க்கையாவது இருக்கும். உள்ளேயே பிறந்த எங்களுக்கு அது கிடையாது. எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதைக்கூட இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். இதற்குக் காலம் எடுக்கும். அவசரப்படுத்தாமல் இருக்கிறீர்களே, அதற்கும் நன்றி.

இனி அங்கிருந்து யார் வெளியே வந்தாலும் அவர்களிடம் கதை கேட்க மாட்டேன். சாட்சி சொல்லச் சொல்லவும் மாட்டேன். சாப்பிடும்போது பக்கத்தில் இடம் வைத்திருப்பேன். அவர்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படாவிட்டால் அதைச் சொல்வேன், மறுநாளும் அந்த இடம் அவர்களுக்கு இருக்கும். என் தங்கை வந்தால் அவளுக்கும் இப்படித்தான்.

அக்கா, அந்த ஷிப்ட் பட்டியல் எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. திங்கட்கிழமை பேசுவோம்.