சோளக்கொல்லையில் ஒளிந்தவர்கள்: மூன்று ஆவணக் காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தெலங்கானா, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் ஆவணக் காப்பகத் துறையினருக்கு,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

1948 செப்டம்பர் 17 அன்று நிஜாம் இந்திய அரசுக்குப் பணிந்தார். அந்த நாள் வந்தால் அவர் ஆண்ட பழைய ஹைதராபாத் சமஸ்தானத்து மண்ணெங்கும் கொடி ஏறுகிறது. மகாராஷ்டிரத்தில் அது மராத்வாடா முக்தி சங்கிராம் நாள், கர்நாடகத்தில் கல்யாண கர்நாடக உற்சவம். தெலங்கானாவிலோ விடுதலை நாள், ஒருமைப்பாட்டு நாள், பிரஜா பாலனா நாள் என்று ஆட்சிக்கும் கட்சிக்கும் ஏற்பப் பெயர் மாறுகிறது. எந்தப் பெயர் சரி என்ற வழக்குக்கு நான் வரவில்லை. 1948ஐ நேரில் பட்டவர்களின் வாய்மொழியை, அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நான் செகந்திராபாத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழன். எங்கள் தெருவில், பீதர் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சிறுமியாக வந்து சேர்ந்த ஒரு முஸ்லிம் மூதாட்டி இருந்தார். சமஸ்தானத்தைப் பிடிக்க எல்லை தாண்டி வந்தது இந்திய ராணுவம் என்றாலும், ஊர் முழுவதும் சொல்வதுபோல் அவரும் 'போலீஸ் ஆக்‌ஷன்' என்றே சொல்வார். நிஜாம் பணிந்த செய்தி வந்த பிறகுதான் அவர்கள் ஊரில் ஆட்கள் திரண்டு வந்தார்களாம். அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆள் உயரச் சோளத்துக்குள் போய், மூன்று இரவு மழையில் உட்கார்ந்திருந்ததையும், பக்கத்து நிலத்துக்காரர் இருட்டில் ரொட்டி கொண்டுவந்து வைத்ததையும் சொல்வார். கிணற்றடிக்குப் போன அப்பாவைப் பற்றிக் கேட்டால் பேச்சு ரேஷன் கடைக்குத் தாவிவிடும்.

அதே தெருவில் வாரங்கல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரும் அதே ஆண்டு சோளக்கொல்லையில் ஒளிந்தவர்தான். ஒரு மாதம் முன்னதாக, நிஜாம் ஆட்சிக்கு ஆதரவாக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர் படையினருக்குப் பயந்து. இளவட்டங்கள் புருஜ் எனும் ஊர்க் காவல் கோபுரத்தின் மேல் காவல் இருக்க, பெண்களும் குழந்தைகளும் வயலில் படுத்தார்களாம். ஆகஸ்டு 27 அன்று பைரான்பள்ளி என்ற ஊரில் ரஜாக்கர்கள் நடத்திய படுகொலையைச் சொல்லும்போது இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். இவருடைய சோளத்தைப் பற்றி அந்த அம்மாளுக்கும், அவருடைய சோளத்தைப் பற்றி இவருக்கும் தெரிந்திருந்ததா என்று நான் கேட்டதில்லை.

நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, ராணுவ நடவடிக்கையின்போதும் அதற்குப் பின்னும் 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணித்தது. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு மாவட்டங்களே மிகவும் அடிபட்டவை என்றது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படவில்லை. காகிதத்தைப் பூட்டி வைத்தாலும் என்றாவது எடுத்துப் படிக்கலாம், ஆட்கள் அப்படியல்ல. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள்.

பதிவு செய்ய நீங்கள் அனுப்பும் ஊழியர்கள் தெலுங்கு, தக்கினி உருது, மராத்தி, கன்னடம் என அவரவர் வீட்டு மொழியில் பேசுபவர்களாக இருக்கட்டும். 'விடுதலை கிடைத்தபோது எப்படி இருந்தது?' என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்க வேண்டாம். அந்த மழைக்காலத்தில் எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் போதும். ரஜாக்கர் செய்ததைச் சொல்பவரின் பதிவும், ரஜாக்கர் பெயரால் பழிவாங்கப்பட்டவரின் பதிவும் ஒரே அடுக்கில், ஒரு வரியும் வெட்டப்படாமல் இருக்க வேண்டும்.

அந்த அம்மாள் சென்ற ரம்ஜானுக்கு முன் காலமாகிவிட்டார். பெரியவர் இருக்கிறார். காலை பத்து மணிக்குள் வந்தால் நன்றாகப் பேசுவார்; பிற்பகலில் ஆட்களை அடையாளம் தெரிவதில்லை.

இப்படிக்கு,
செகந்திராபாத்வாசி ஒருவன்