பிரித்து உட்காரவைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் சபையில் வேதபாட வகுப்பு என்றாலே பிள்ளைகள் ஒரு அறை, பெரியவர்கள் ஒரு அறை. போன லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) இடமில்லாமல் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம், அதுவே நல்லதாகப் போயிற்று. வேதாகமத்தில் 1 தீமோத்தேயு 4:12 வாசித்தபோது 'அசட்டைபண்ணாதபடிக்கு' என்ற இடத்தில் பத்தாம் வகுப்புப் பையன் நின்றுவிட்டு, "அசட்டைன்னா சட்டை இல்லாமலா மாமா?" என்றான், சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இளவயசுக்காரனை யாரும் மட்டமாக நினைக்கக் கூடாது என்கிற வசனம் அது, ஆனால் அதை விளக்க வந்த பெரியவரே இரண்டு தடவை குறுக்கே பேசி அவனை அடக்கினார் (அந்தப் பெரியவர் நான்தான்).

1715-இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது சாதாரண ஜனம் வாசிக்கத்தானே? இன்று நாம் வாசிக்கும் வேதாகமத்தின் பழைய நடை பிள்ளைகளுக்கு எட்டவில்லை, அவர்கள் கேள்வி எங்களுக்கு எட்டவில்லை. விதவையான ரூத் தன் மாமியாரோடு அவளுடைய ஊருக்கு வந்த கதையைச் சொல்லும் ரூத் புத்தகம் நான்கே அதிகாரம். "மாமியார்கூட வந்தது சரி, ரூத்தோட சொந்த அம்மா என்ன ஆனாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள், வருஷக்கணக்காக வாசித்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை.

போதகர்மார் மாதம் ஒரு வகுப்பையாவது சேர்த்து நடத்தலாம். அப்புறம், பெரியவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிஷம்தான் என்று கடிகாரமும் வைக்கலாம்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை