காருக்குக் கீழே இருக்கிற றபர் புஷ்ஷையும் ஒருக்கால் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மாரி வந்தால் வன்னி வீதிகளின் படம் பத்திரிகைகளில் வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனால் அந்த வீதியில் ஓடுகிற கார்களுக்கு என்ன நடக்கிறது என்று ஒருவரும் எழுதிக் காணவில்லை. அதனால் நான் எழுதுகிறேன், அதுவும் ஒரேயொரு சாமானைப் பற்றி. முன் சில்லைப் பிடித்து நிற்கிற லோவர் ஆமில் இருக்கும் றபர் புஷ்.

நான் இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம். பழைய ஜப்பான் கார் ஒன்று வைத்திருக்கிறேன், அம்மாவை மாதாமாதம் முல்லைத்தீவுக்குக் கிளினிக் கூட்டிப்போக அதுதான் உதவி. போன வருடம் முன்பக்கத்தில் டொக், டொக் என்று ஒரு சத்தம் தொடங்கியது. மதகு ஏறி இறங்கினால் ஒரு அடி, பிறேக் பிடித்தால் ஒரு அடி. கராஜில் சொன்னேன், ஓட்டிக்கூடப் பார்க்காமல் "ஷொக் போயிட்டுது" என்றார்கள். குலுக்கத்தை அடக்குகிற அந்த ஷொக்கை இரண்டு பக்கமும் மாற்றினேன், சின்னக் காசில்லை. வீடு வந்து சேருவதற்குள் அதே டொக், டொக்.

பிறகு மாங்குளத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் காரை உயர்த்தி, ஸ்டாண்ட் வைத்து, சின்ன அலவாங்கு ஒன்றை லோவர் ஆமுக்குப் பக்கத்தில் கொடுத்து மெல்ல நெம்பிவிட்டு, "தம்பி, இங்க வந்து பாருங்கோ" என்றார். ஆமின் பின்பக்கப் புஷ்ஷின் றபர் வாய் பிளந்த மாதிரித் திறந்தது. நடுவில் இருக்கிற இரும்புக் குழாய் ஒரு பக்கம் சரிந்து வெளிக் குழாயில் முட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு இரும்பும் அடிபடுகிற சத்தத்தைத்தான் நான் மாதக்கணக்கில் கேட்டிருக்கிறேன்.

அவர் சொல்லித்தான் இந்தச் சாமானின் வேலையே எனக்கு விளங்கியது. வெளியே ஒரு குழாய், உள்ளே ஒரு குழாய், இரண்டுக்கும் நடுவில் இரும்போடு ஒட்டிப் பிடித்த றபர். உள் குழாயைப் போல்ட் காரின் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கிறது, வெளிக் குழாய் ஆமோடு போகிறது. சில்லு மேலும் கீழும் போகும்போது எதுவும் வழுக்கிச் சுழலுவதில்லை, றபர்தான் முறுகி முறுகித் திரும்புகிறது. பிறேக் பிடிக்கும்போது சில்லு பின்னுக்குப் போகாமல் தடுப்பதும் பெரும்பாலும் அந்தப் பின்பக்கப் புஷ்தான். அது கிழிந்தால் சில்லு நேரே நிற்காது, பிறேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ஸ்ரேரிங்கைப் பிடித்துப் பிடித்து ஓட வேண்டிவரும், ரயர் ஓரத்தில் மட்டும் தேயும். ஏ-9 வீதியில் வேகமாகப் போகிறபோது எதிரே பஸ் வந்து, சட்டென்று பிறேக்கில் கால் வைக்கிற நேரத்தை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

கதை அதோடு முடியவில்லை. சரியான புஷ் அன்றைக்கு அவரிடம் இல்லை, நான் வேறு இடத்தில் வாங்கி வீட்டுக்குக் கிட்ட ஒரு கராஜில் போடுவித்தேன். நாலு மாதம்கூடப் போகவில்லை, திரும்பவும் சத்தம். மாங்குளத்து ஐயாவிடம் போனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "காரை மேல தூக்கி வைச்சோ போல்ட்டை இறுக்கினவங்கள்?" ஆம், அப்படித்தான் இறுக்கினார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிழை அங்கேதான். கார் உயரத்தில் நிற்கும்போது சில்லு கீழே தொங்கும், ஆமும் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கினால் றபருக்கு அதுதான் ஓய்வு நிலை. காரைக் கீழே இறக்கியவுடன் ஆம் மேலே வரும், றபர் முறுகும், கார் முற்றத்தில் சும்மா நிற்கிறபோதும் முறுகியபடியே கிடக்கும், ஈரத் துணியைப் பிழிந்து பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது போல. அதற்கு மேல் கிரவல் வீதியில் அலை அலையாக எழும்பி நிற்கிற மேட்டில் ஓடினால் எந்தப் புஷ்தான் தாங்கும்? போல்ட்டைக் கையால் மட்டும் பூட்டிவிட்டு, காரைச் சில்லில் நிற்க விட்டு, நாலு தரம் அமத்தி ஆட்டி, அதற்குப் பிறகு கராஜில் இருக்கிற குழிக்குள் இறங்கி இறுக்க வேண்டும். குழி இல்லையென்றால் ஆமுக்குக் கீழே ஜக் கொடுத்து, காரின் பாரம் அதில் வரும் வரைக்கும் உயர்த்தி இறுக்கலாம். கூடுதலாக அரை மணித்தியால வேலை, அவ்வளவுதான். சில புஷ்களில் றபருக்குள் இடைவெளி விட்டிருப்பார்கள், அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்ற முதல் அடையாளம் போட வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் குழாய் நெளியும், அழுத்தி ஏற்றுகிற பிரஸ் உள்ள இடத்தில்தான் செய்விக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றி, பிறகு சில்லுகள் நேராக நிற்கிறதா என்று எலைன்மென்டும் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. சேர்விஸுக்கு விட்டால் காரைக் கழுவிவிட்டு அடியில் பழைய ஒயிலோ டீசலோ அடித்து விடுகிறார்கள், துரு பிடிக்காதாம். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். றபர் ஒயிலில் ஊறினால் வீங்கி மெதுத்துவிடும். கிறீஸ் பூசுவதாலும் ஒரு பிரயோசனமும் இல்லை, அங்கே வழுக்குகிற இடமே கிடையாது. சேறு பிடித்திருந்தால் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள், நல்லது. ஆனால் சொந்தக் காரின் அடியைக் குனிந்து பார்க்க அதில் ஒருவரும் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது, விலையும் எங்களுக்கு எட்டாத விலை. பழைய கார்களைத்தான் இன்னும் கனகாலம் ஓட்டப்போகிறோம். கார் ஓடாமல் நின்றாலும் றபர் வயது போகப் போகக் காய்ந்து வெடிக்கும். மேலே மெல்லிய வெடிப்பு மட்டும் என்றால் பயப்படத் தேவையில்லை. ஆழமாகக் கிழிந்திருந்தால், இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால், உள் குழாய் நடுவில் இல்லாவிட்டால் மாற்றத்தான் வேண்டும். நீங்களே பார்ப்பதென்றால் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்து வெளியே வருகிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த இறுக்குகிற முறையை நீங்கள் வேலை செய்கிற கராஜில் சொல்லிக் கொடுங்கள். வயதில் மூத்தவர்கள் கோபித்தாலும் சொல்லுங்கள்.

ஆசிரியர் ஐயா, இந்தக் கடிதத்தை மாரி தொடங்க முதல் போட்டால் உதவியாக இருக்கும். மழை தொடங்கினால் வீதிக் குழியெல்லாம் தண்ணீர் நின்று மூடிவிடும், எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று தெரியாமல்தான் எல்லோரும் ஓடுவோம்.

வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்