இளவெயில் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைட்டமின் டி குறித்துத் தங்கள் இதழில் வந்த மருத்துவக் கட்டுரையில், காலை இளவெயிலில் சிறிது நேரம் நின்றாலே போதும் என்று எழுதப்பட்டிருந்தது. பலரும் நம்பும் இக்கருத்து சரியன்று.

தோல் இந்தச் சத்தை உருவாக்கத் தேவைப்படுவது வெயிலின் சூடு அன்று, அதிலுள்ள புற ஊதா பி கதிர். சூரியன் தாழ்ந்திருக்கும் வேளைகளில் அக்கதிர் காற்றுமண்டலத்தைச் சாய்வாக நெடுந்தொலைவு கடந்து வர வேண்டியிருப்பதால், பெரும்பகுதி ஓசோன் படலத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகி விழும் நேரத்தில்தான் அது போதிய அளவில் தோலை எட்டும். மூடிய கண்ணாடி ஜன்னலோ அதை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும்.

என் அம்மா குடியாத்தத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி சுற்றியவர். வெயிலுக்குப் பெயர்போன வேலூர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தும், மடியில் முறத்தோடு பகல் முழுவதும் கூரைக்குள் அமர்ந்திருந்தவர் மேல் வெயில் பட்டதே குறைவு. தொடையும் இடுப்பும் வலிக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் வயதாகிவிட்டது என்று நாங்களே தட்டிக்கழித்தோம். தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத நிலை வந்த பிறகே, ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தது. இச்சத்து இல்லாவிட்டால் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் சரிவர உறிஞ்சாது; குழந்தைகளுக்குக் கால் வளையும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி வலிக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியலில் வேன் ஏறும் பெண்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மாத்திரையிலும் எச்சரிக்கை தேவை. வாரம் ஒன்று என்று மருத்துவர் எழுதித் தந்த 60,000 யூனிட் மாத்திரையை அம்மா தினமும் விழுங்கத் தொடங்கியதை மூன்றாம் நாளில்தான் கவனித்தோம். உடல்நலத்தோடு இருக்கும் இந்தியருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 600 யூனிட் மட்டுமே. கொழுப்பில் கரையும் இச்சத்து மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். குறைபாடு இல்லாதவர்கள் நோய் வராமல் காக்குமென்று இதை வாங்கி விழுங்குவதிலும் பயனில்லை: 25,871 பேரில் ஒரு பாதியினருக்குத் தினம் 2,000 யூனிட்டும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை.

கத்திரி வெயிலில் உச்சிவேளையில் நிற்கும்படி யாருக்கும் சொல்லக் கூடாது. காலை ஒன்பதரை, பத்து மணியளவில் கையும் காலும் வெயில் படச் சிறிது நேரம் நடக்கலாம் என்ற திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குடியாத்தம்.