என் கேரேஜ் த்ரீடி பிரின்டரை லிஸ்ட்ல சேத்த வாட்ச் குரூப்புக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்ல நம்ம தெருவுக்குக் காவல் பாக்குற வாட்ச் குரூப் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் உங்கள்ல ரெண்டு பேர் வந்து என் கேரேஜ்ல இருக்குற, பிளாஸ்டிக்க உருக்கி அடுக்கடுக்கா பொருள் செய்யற த்ரீடி பிரின்டரை சுத்திச் சுத்தி போட்டோ எடுத்துட்டு, வீட்ல பிரின்டர் வச்சிருக்கவங்க பேரெல்லாம் லிஸ்ட் போட்டு போலீசுக்கு குடுக்கப் போறோம்னு சொன்னாங்க, துப்பாக்கி செஞ்சிடுவோமாம். அப்ப மெஷின்ல ஓடிட்டிருந்தது தைப்பூசக் காவடிக்கு ஒரு மயில், 11 மணி நேர வேலை, கழுத்து வரைக்கும் வந்திருந்துச்சு. போற போக்குல பிளக்க வேற தட்டிவிட்டுட்டுப் போயிட்டாங்க, லோட்ஷெடிங் மின்வெட்டு கூட இவ்ளோ கரெக்டா வந்து கெடுக்காது.

பயமே வேண்டாம்னு சொல்ல வரல. 2013-ல அமெரிக்காவுல கோடி வில்சன்னு ஒருத்தர் லிபரேட்டர்ங்கற பிளாஸ்டிக் துப்பாக்கிய பிரின்டர்ல செய்யற டிசைன் ஃபைலை நெட்ல போட்டாரு, ரெண்டே நாள்ல லட்சம் டவுன்லோடு, அப்புறம் அரசாங்கம் எடுக்கச் சொல்லி என்ன, கொட்டுனத அள்ள முடியல. அதே 2013-லதான் நம்ம ஜோஹன்னஸ்பர்க் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ், ரம்பத்துல விரல் போனவரு, விரலில்லாத குழந்தைங்களுக்கு பிரின்டர்ல செயற்கைக் கை செஞ்சு அந்த ஃபைலையும் ஓசியிலயே போட்டாரு. அத மட்டும் யாரும் பேசறதில்ல.

சட்டமும் இல்லாம இல்ல. 2000-ல வந்த ஃபயர்ஆர்ம்ஸ் கன்ட்ரோல் ஆக்ட்ல பேரல், ஃப்ரேம், ரிசீவர்னு துப்பாக்கியோட முக்கியப் பாகம் தனியா இருந்தாலே துப்பாக்கிக் கணக்குதான், லைசென்ஸ் இல்லாம செஞ்சா குத்தம். கேப் டவுன் பக்கம் கேப் ஃப்ளாட்ஸ் கேங்குங்க கைக்கு துப்பாக்கி எங்கேர்ந்து போச்சு? அழிக்கறதுக்குன்னு வச்சிருந்த போலீஸ் துப்பாக்கிய வித்த பிரின்ஸ்லூங்கற முன்னாள் கர்னலுக்கு 2016-ல 18 வருஷம் போட்டாங்களே, அந்தப் போலீஸ்கிட்டயா என் பேர குடுக்கறீங்க?

இன்னொண்ணு, சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். போன வருஷம் ஒரு பையன், 16 வயசு இருக்கும், பென் டிரைவோட வந்து "அங்கிள், இது ஒரு பீஸ் போட்டுத் தாங்க, டிரோன் பார்ட்டு"ன்னான். ஸ்க்ரீன்ல திருப்பிப் பாத்தா கைப்பிடியும் ட்ரிக்கருக்கு ஓட்டையும். டிரோனாம்! உக்கார வச்சு டீ குடுத்து, அவன் கண்ணு முன்னாடியே ஃபைலை அழிச்சுட்டு அவங்கம்மாவுக்கு போன் போட்டேன். என்கிட்ட மெஷின் இருக்குன்னு தெருவுக்கே தெரியும், அதனாலதான் வந்தான். லிஸ்ட் போட்டீங்கன்னா நாங்கல்லாம் மெஷினை உள் ரூம்ல பூட்டிக்குவோம், அடுத்த பையன் யார்கிட்ட போவான், அந்த ஆளு டீ குடுப்பானா?

என் பேரை எடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க, மயில் மறுபடி முதல்லேர்ந்து ஓடுது, பிளக் பக்கம் மட்டும் போகாதீங்க.