போத்தல் நிரப்பித் தந்தவர்களுக்கு

திருகோணமலை உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

மலேசியச் சைக்கிளோட்டக் குழுவோடு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வேறு குழு தேடும் எண்ணம் இல்லை. அது மூன்றாம் படிக் குழு. அந்தப் படிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று சர்வதேசச் சைக்கிளோட்ட ஒன்றியம் எதையும் விதிக்கவில்லை. காறை எலும்பு முறிந்த பிறகு அந்தக் காசில் காலம் தள்ள முடியவில்லை.

"எத்தனை கப் அடிச்சனி?" என்று சந்தையில் கேட்கிறார்கள். ஒன்றுமில்லை. குழுத் தலைவருக்கு முன்னால் ஓடிக் காற்று மறைப்பதும், பின்னால் வரும் காரில் ஏழெட்டுப் போத்தலை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்ப முன்னுக்கு ஏறுவதும்தான் என் வேலை. அவர் வென்றால் பரிசுக்காசில் எங்களுக்கும் பங்கு.

முதல் நன்றி, பயிற்சி ஓட்டத்தில் காவலாகப் பின்னால் வந்த ஆட்டோ அண்ணாவுக்கு. தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சாம்பல்தீவுப் பாலம் தாண்டினால் மறைவே கிடையாது. குச்சவெளிப் பக்கம் போகிறவனை இடப்பக்கத்தால் தள்ளி நடு றோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். அங்கே பஸ் முந்திக்கொண்டிருக்கும். சிக்னலைப் போட்டபடி, எனக்குப் பின்னால் கொஞ்சம் வலப்பக்கம் நின்று, பஸ்காரரின் ஏச்சையெல்லாம் நீங்கள்தான் வாங்கினீர்கள். ஹயரை விட்டுவிட்டு வந்த நேரம் அது. பெற்றோல் காசு நீட்டினால் "வெண்டாப் பிறகு தா" என்பீர்கள். நான் வெல்லவும் இல்லை, நீங்கள் கேட்கவும் இல்லை.

அந்தக் காற்றில் ஓடிப் பழகினதுதான் குழுவில் எனக்குச் சோறு போட்டது. இடப்பக்கக் காற்றில் முன்னவருக்கு நேர் பின்னால் ஒட்டிப் பயனில்லை. அவருடைய வலப் பின்புறம் சாய்வு வரிசையாக ஓட வேணும். றோட்டின் அகலம் முடிய வரிசையும் முடியும், மிச்சப்பேர் ஓரத்தில் சிதறுவார்கள். மலை ஏற்றத்தில் நான் ஆளே இல்லை. கடற்கரை றோட்டில் மட்டும் மனேஜர் என்னைத்தான் முன்னுக்கு அனுப்புவார்.

குச்சவெளித் தேத்தண்ணிக்கடை நானா, கேட்காமலே தேசிக்காய் பிழிந்து உப்பும் சீனியும் போட்டுப் போத்தல் நிரப்பித் தந்தீர்கள். தோள் கட்டோடு கிடந்தபோது பிட்டைக் குழைத்து ஊட்டிய அக்காவுக்கு இங்கே நன்றி எழுதினால் ஏசுவாள்; எழுதிவிட்டேன்.

சைக்கிள் கடை முதலாளி ஐயா, சில்லுக் கடன் எழுதிய கொப்பிப் பக்கத்தைக் கிழித்துவிட்டீர்களாம். அந்தக் காசு மாத முடிவில் வரும், வாங்கத்தான் வேணும். சைக்கிளை உங்கள் கடையிலேயே விட்டிருக்கிறேன். ஓடிப் பழகும் பிள்ளைகள் எடுக்கலாம். சங்கிலி தேய்ந்துவிட்டது, அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.